வினிகரின் உறவுக்காரர்களும் முகத்து மங்கும்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பேரூருக்கு மலைக் கிராமங்களிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் வெள்ளாடும் செம்மறியும் வந்து இறங்கும். பக்ரீத், பொங்கல் நெருங்கினால் விலை எகிறும். கறி எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தோல் போகிற வழி வேறு. உப்புப் போட்டு அடுக்கி, மண்டிக்குப் போய், கை மாறி, இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய டேனரிகளில் போய் முடியும்.

அங்கே அந்தத் தோல் முதலில் சந்திப்பது சுண்ணாம்பை. சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலின் பி.எச். 12ஐத் தொட்டுவிடும். முடி கழன்றுவிடும், கூடவே மேல்தோலும் போய்விடும். மிஞ்சுவது உள்தோல், அதாவது கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிக் கிடக்கும் படலம். ஷூவாகவும் கையுறையாகவும் ஆவது இதுதான். அதன் பிறகு சுண்ணாம்பை நீக்கி, தோலை அமிலப் பக்கம் திருப்புகிறார்கள். டேனரிக்காரர்கள் இதற்குச் சொல்லும் பெயர் பிக்கிளிங்.

பிக்கிளிங் டிரம்மில் அமிலத்தைக் கேனோடு கவிழ்க்கிற ஆளை எந்த சூப்பர்வைசரும் அடுத்த நாள் வேலைக்கு வைத்திருக்க மாட்டார். முதலில் உப்பு. உப்பில்லாமல் அமிலம் போனால் தோல் தண்ணீரை உறிஞ்சி ஊதி, நார் பிரிந்து கெட்டுவிடும். உப்பு ஓடிய பிறகு கந்தக அமிலத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, ஆறவிட்டு, மூன்று தவணையாக, இடைவெளி கொடுத்து ஊற்றுவார்கள். சில இடங்களில் ஃபார்மிக் அமிலமும் சேரும். கடைசியில் தோலின் தடித்த பகுதியைக் கத்தியால் வெட்டி, வெட்டு வாயில் புரோமோகிரிசால் கிரீன் என்ற நிறங்காட்டியின் சொட்டு விடுவார்கள். குறுக்கே முழுக்க மஞ்சளாகத் தெரிந்தால் அமிலம் நடுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. பி.எச். 2.8லிருந்து 3க்குள் நின்றால் தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பைப் போடலாம். குரோம் ஏறிய பிறகு சோடா உப்புக் கரைசலை மறுபடியும் தவணை தவணையாக விட்டு, பி.எச்.சை 4க்குப் பக்கத்தில் தூக்கி நிறுத்துவார்கள். அமிலத்தைக் கொடுக்கிற அளவு, கொடுக்கிற வேகம், எங்கே நிறுத்துவது என்ற கணக்கு: பிக்கிளிங் மேஸ்திரியின் தொழில் மொத்தமும் இந்த மூன்றில் அடங்கும்.

இத்தனை ஜாக்கிரதையும் உயிரில்லாத தோலுக்கு. உயிருள்ள முகத்துக்கு வரும்போது, "ஒரு மூடி வினிகரைப் பஞ்சில் தொட்டு மங்கு மேல் தடவு, பத்தே நாளில் போய்விடும்" என்று யூடியூப் சொல்வதை நம்பிவிடுகிறார்கள். சமையலறை அலமாரியில் இருக்கும் அந்த வினிகரிலும் அமிலம்தான் இருக்கிறது. அந்த அமிலத்துக்கும் முகத்து மங்குக்கும் அறிவியலில் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு. வீடியோக்கள் சொல்கிற உறவு அதுவல்ல என்பதுதான் விஷயம்.

மங்கு என்று பாட்டிமார் சொல்வதை மருத்துவர்கள் மெலாஸ்மா என்கிறார்கள். கன்னம், நெற்றி, மூக்குத் தண்டு, மேல் உதடு, தாடை விளிம்பு ஆகிய இடங்களில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி படரும் பழுப்பு நிறத் திட்டு. வலி இல்லை, அரிப்பு இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் "என்னம்மா முகமெல்லாம் இப்படி ஆகிவிட்டது" என்ற ஒரு கேள்வியைக் கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். கர்ப்ப காலத்தில் வரும், கருத்தடை மாத்திரையோடு வரும், அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக வெயில். கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் வேலூர்ப் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. பெண்களின் நோய் என்று பேர் வாங்கியிருந்தாலும், இந்தியத் தோல் மருத்துவமனைகளின் கணக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆண். அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மங்கு பிடித்த இடத்தில் நிறமித் தொழிற்சாலைகளான மெலனோசைட் செல்கள் பெருத்து, வழக்கத்தைவிட அதிகமாக மெலனின் தயாரித்து, சுற்றியுள்ள மேல்தோல் செல்களுக்குள் தள்ளிவிடுகின்றன. ஆக நிறத்தின் பெரும்பங்கு மேல்தோலில் கிடக்கிறது. டேனரி சுண்ணாம்புக் குழியில் முதல் வேலையாகக் கழித்துக் கட்டும் அதே அடுக்கு. முகத்தில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிலருக்கு நிறமி அடியில் உள்தோலுக்குள்ளும் இறங்கியிருக்கும். அங்கே எந்த மேல்பூச்சும் சுலபமாக எட்டாது. மேல்தோலை உரித்தால் மங்கு போகும் என்ற யோசனை இந்த உடற்கூறிலிருந்து வருகிறது. யோசனையில் தப்பில்லை. எதைக் கொண்டு, எவ்வளவு ஆழம், யார் கையால் என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

கடையில் வாங்கும் வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். செயற்கை வினிகரில் 3.75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. மீதி தண்ணீர். ஐந்து சதவீத வினிகரின் பி.எச். சுமார் 2.4. அதாவது பிக்கிளிங் முடிந்து டிரம்மில் நிற்கும் ஆட்டுத் தோலைவிடக் கொஞ்சம் கூடுதல் புளிப்பு! அப்படியானால் தண்ணீர் கலந்து தடவினால் சரியாகிவிடாதா? இங்கே அசிட்டிக் அமிலம் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறது. வினிகரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்தாலும் பி.எச். 2.9 வரைதான் ஏறும். காரணம், அது வலுக்குறைந்த அமிலம். வினிகரில் உள்ள அமில மூலக்கூறுகளில் 200க்கு ஒன்றுகூட ஒரு நேரத்தில் பிரிந்து அயனியாக நிற்பதில்லை. மற்றவை முழுசாக, மின்னேற்றம் இல்லாமல் காத்திருக்கும். தண்ணீர் சேரச் சேர அவற்றில் இன்னும் கொஞ்சம் பிரிந்து அமிலத்தை ஈடுகட்டும். மின்னேற்றம் இல்லாத அந்த மூலக்கூறு கொழுப்புப் படலத்துக்குள் சுலபமாக நுழையும். ஊறுகாயில் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதும், தடவிய கொஞ்ச நேரத்தில் கன்னம் எரிவதும் இதே குணத்தால்தான்.

நம் தோலே லேசான அமிலம் என்பது உண்மை. 1928இல் ஷாட, மார்கியோனினி என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் இதற்கு "அமிலப் போர்வை" என்று பெயர் வைத்தார்கள். சோப்பு, அழகுப் பொருள் எதுவும் படாத தோலின் பி.எச். சராசரியாக 5க்குச் சற்றுக் கீழே என்று பின்னால் வந்த அளவீடுகள் காட்டின. இந்த ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டு, "வினிகர் தோலின் இயற்கையான அமிலத்தை மீட்டுத் தருகிறது" என்று விற்கிறார்கள். 5க்கும் 2.4க்கும் நடுவே நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம் இருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். பி.எச். அளவில் ஓர் எண் இறங்குவது பத்து மடங்கு.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. மங்குக்கு இல்லை, கரப்பான் வகையைச் சேர்ந்த அடோபிக் டெர்மடைட்டிஸ் என்ற தோல் அழற்சிக்கு. ஆய்வில் 22 பேர், பாதிப்பேருக்கு நோய் உண்டு, பாதிப்பேருக்கு இல்லை. ஒரு முன்கையை, அரை சதவீத அமிலம் மட்டும் இருக்கும்படி நீர்த்த ஆப்பிள் சைடர் வினிகரிலும் மற்றதை வெறும் தண்ணீரிலும் தினம் பத்து நிமிடம், 14 நாள் ஊற வைத்தார்கள். 2019இல் வெளியான முடிவு: தோலின் காப்பு அரண் வினிகரால் ஒன்றும் மேம்படவில்லை. பி.எச்.சில் வந்த மாற்றமும் தங்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல் வந்ததுதான் மிச்சம். அரை சதவீதம் என்பது பாட்டில் வினிகரைப் பத்து மடங்கு நீர்த்ததற்குச் சமம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நீர்க்காமல் வைத்தால்? 2015இல் ஒரு தோல் மருத்துவ இதழில் வந்த சம்பவம்: 14 வயதுச் சிறுமி மூக்கிலிருந்த மச்சங்களை எடுக்க, இணையத்தில் படித்த முறைப்படி ஆப்பிள் சைடர் வினிகரைச் சில நாள் தொடர்ந்து வைத்திருக்கிறாள். மூக்கில் ரசாயனக் காயம். அதற்கு மூன்று வருடம் முந்தி, காலிலிருந்த பாலுண்ணி மாதிரிக் கொப்புளங்களுக்கு வினிகரை வைத்துக் கட்டியதில் எட்டு வயதுப் பையனுக்கு இதே கதி. வெளுத்த தோலுக்குக் காயம் ஆறினால் சிவப்பு கொஞ்ச நாளில் மறைந்துவிடும். நம் ஊர்த் தோல் அப்படியல்ல. காயம், எரிச்சல், சொறிதல் எது நடந்தாலும் ஆறின இடத்தில் கறுப்பை விட்டுப் போகும். மங்கைப் போக்க வினிகர் வைத்து, எரிந்து, அந்த எரிச்சலே புதுக் கறுப்பைக் கொண்டுவருவது இப்படித்தான். எலுமிச்சையின் கதை இன்னும் மோசம். அந்தச் சாற்றில் அமிலத்தோடு, வெயில் பட்டால் தோலைச் சுடும் வேறு பொருள்களும் இருக்கின்றன. காலையில் எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பது முகத்தை வேண்டுமென்றே சுட்டுக்கொள்வதற்குச் சமம்.

வினிகரை இங்கேயே விட்டுவிட்டு அதன் உறவுக்காரர்களைப் பார்க்கலாம். கதை சுவாரஸ்யமாவது இங்கேதான்.

அசிட்டிக் அமில மூலக்கூறு சின்னது. ஒரு பக்கம் அமிலத் தலை, மறுபக்கம் ஒரு கார்பனும் அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜனும். 1830களின் கடைசியில் பாரிசில் ஜான்-பாப்டிஸ்ட் டூமா என்ற வேதியியலாளர் அசிட்டிக் அமிலத்தையும் குளோரின் வாயுவையும் வெயிலில் வைத்தார். மூன்று ஹைட்ரஜன்களும் கழன்று, அந்த இடத்தில் மூன்று குளோரின் உட்கார்ந்தன. கிடைத்தது டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், சுருக்கமாக டி.சி.ஏ. ஹைட்ரஜன் இருந்த இடத்தில் அதற்கு நேர் எதிரான குளோரின் வந்தும் அது அமிலமாகவே இருந்தது அந்தக் காலத்து வேதியியல் கொள்கைக்குப் பெரிய அடி. எரிச்சலான ஜெர்மன் வேதியியலாளர் வோலர், 1840இல் மோசடிக்காரன் என்ற அர்த்தம் தொனிக்கும் புனைபெயரில் ஒரு கேலிக் கடிதம் எழுதினார். ஒரு பொருளின் எல்லா அணுக்களையும் குளோரினாக மாற்றிவிட்டேன், லண்டன் கடைகளில் குளோரினில் நெய்த துணிகூட விற்கிறது என்று! நிஜ ஆய்விதழிலேயே அது அச்சானது. சிரித்தவர் தோற்றார், டூமா ஜெயித்தார்.

மூன்று ஹைட்ரஜனுக்குப் பதில் ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டு, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஜோடியை வைத்தால் இன்னொரு உறவுக்காரர் கிடைப்பார்: கிளைகாலிக் அமிலம். கரும்பிலும் இருப்பது. அழகு நிலையங்களின் விலைப் பட்டியலில் அடிக்கடி தட்டுப்படும் பெயர்.

அமிலத்தின் வலிமையைச் சொல்லும் பி.கே.ஏ. என்ற எண் ஒன்று உண்டு. எண் குறைய அமிலம் வலுக்கும், இங்கேயும் ஒரு எண்ணுக்குப் பத்து மடங்கு. அசிட்டிக்குக்கு 4.76. கிளைகாலிக்குக்கு 3.83. டி.சி.ஏ.வுக்கு ஒன்றுக்கும் கீழே. அதாவது மூன்று அணு மாறியதில் வினிகர் அமிலம் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வலுத்துவிட்டது. 1882இல் ஹாம்பர்க் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, முகத்தை உரிக்கப் பயன்படும் பொருள்களில் ஒன்றாக டி.சி.ஏ.வை எழுதி வைத்தார். கிளைகாலிக்கின் பிரவேசம் தாமதம். 1974இல் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ இருவரும், மீன் செதில் மாதிரித் தோல் தடிக்கும் பிறவி நோய்க்கு இந்த வகைப் பழ அமிலங்கள் வேலை செய்வதைக் காட்டினார்கள். அழகுசாதன உலகம் பிடித்துக்கொண்டது அதற்கப்புறம்தான்.

இந்த இரண்டு உறவுக்காரர்களையும் மங்கின் மேல் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல் மருத்துவத் துறையில் ரஷ்மி குமாரி, தேவிந்தர் மோகன் தாப்பா இருவரும் மங்கு உள்ள 40 இந்தியர்களை எடுத்துக்கொண்டு, 20 பேருக்கு டி.சி.ஏ.வும் 20 பேருக்கு கிளைகாலிக்கும் கொடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2010இல் இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் இதழில் வெளியானது. டி.சி.ஏ. வெறும் 10 முதல் 20 சதவீதம். கிளைகாலிக் அதைவிடக் கூடுதல் செறிவில். எடுத்தவுடன் அமிலம் வைக்கவில்லை. முதலில் இரண்டு வாரம் இரவில் டிரெட்டினோயின் களிம்பு தடவித் தோலைப் பழக்கினார்கள். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை பீல், அதாவது அமிலம் வைத்து மேல்தோலை உரிப்பது.

இரண்டு பிரிவிலும் மங்கின் அளவெண் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. கடைசிக் கணக்கில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கிளைகாலிக் சீக்கிரம் பலன் காட்டியது. டி.சி.ஏ. வைத்தவர்களுக்குத் தோல் வெடித்து உரிவது அதிகம். நாற்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை. யாருக்கு எந்த அமிலம் என்பது மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். எனவே இதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும் நம் நிறத் தோலில், நம் வெயிலில் நடந்த ஆய்வு என்பதால், வெள்ளைத் தோலில் எடுத்த பத்து ஆய்வைவிட ஒடுகத்தூர்க்காரருக்கு இது பயன்படும் என்றே சொல்ல வேண்டும்.

இரு அமிலங்களும் வேலை செய்கிற விதம் வேறு. கிளைகாலிக், மேலே கிடக்கும் செத்த செல்களுக்கு நடுவிலுள்ள பிடிமானத்தைத் தளர்த்திவிடுகிறது. அவை அடுக்கடுக்காக உதிரும்போது உள்ளேயிருந்த மெலனினும் சேர்ந்து போகும். அது தானாக நிற்காது. கழுவுகிற வரை, அல்லது சோடா உப்புக் கரைசல் பட்டு நடுநிலை ஆகிற வரை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் மருத்துவர் கையில் கடிகாரம் இருக்கும். கணக்கு நிமிடத்தில். டிரம்மில் பி.எச்.சைத் தூக்குவதற்குப் போடும் அதே சோடியம் பைகார்பனேட்தான் இங்கே முகத்தில் அமிலத்தை அடக்குகிறது.

டி.சி.ஏ. புரதத்தை உறைய வைக்கும் வகை. வைத்த சில நொடிகளில் தோலில் வெள்ளை பூக்கும். மருத்துவர்கள் அதற்கு "ஃப்ராஸ்ட்" என்பார்கள். அங்கங்கே புள்ளியாக வெள்ளை தெரிந்தால் மேலோட்டம். இளஞ்சிவப்பின் மேல் வெள்ளைப் படலம் மூடினால் இன்னும் ஆழம். கெட்டி வெள்ளையாகிவிட்டால் உள்தோல் வரை போய்விட்டது. இந்திய முகத்து மங்குக்கு முதல் படியோடு நிறுத்திக்கொள்வதே பத்திரம். டி.சி.ஏ.வுக்கு மாற்று மருந்து ஊற்றத் தேவையில்லை. புரதத்தோடு சேர்ந்ததும் அமிலம் செலவாகிவிடும். குளிர்ந்த தண்ணீர் எரிச்சலைத் தணிக்க மட்டும். ஆனால் ஒரு பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு போட்டால் ஆழமும் கூடும். கரைசல் செய்வதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 30 சதவீதம் என்றால் 30 கிராம் டி.சி.ஏ. படிகத்தைப் போட்டு, தண்ணீர் சேர்த்து மொத்தம் 100 மில்லியாக நிரப்ப வேண்டும். வேறு விதமாகக் கணக்குப் போட்டுக் கலந்தால் பாட்டிலின் மேல் அதே எண்தான் ஒட்டியிருக்கும், உள்ளே இருக்கும் செறிவு வேறாகிவிடும். பத்து மில்லி பாட்டிலை ஆன்லைனில் வாங்கிக் கண்ணாடி முன் நின்று பூசுகிறவருக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை. 2024 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், டி.சி.ஏ., கிளைகாலிக் போன்ற கடுஞ்செறிவு பீல்களை மருத்துவ மேற்பார்வை இல்லாமல் வாங்கவோ தடவவோ வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது.

சாதா அசிட்டிக் அமிலத்துக்கும் இந்த வெள்ளை பூக்க வைக்கும் வேலை கொஞ்சம் தெரியும். அதைத் தமிழ்நாடு மிகப் பெரிய அளவில் பயன்படுத்தியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. முகத்தில் அல்ல. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000களின் தொடக்கத்தில், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, பயிற்சி பெற்ற செவிலியர்கள் விளக்கு வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். புற்றை நோக்கி மாறிப்போன செல்களில் புரதமும் உட்கருவும் அதிகம். அமிலம் பட்டால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து செய்த இந்த வேலையில் சுமார் 49,000 பெண்களுக்குச் சோதனை வாய்ப்பு அளிக்கப்பட்டது. 2007இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. வினிகரின் அமிலம் சில ரூபாய் செலவில் உயிர் காத்த இடம் உண்டென்றால் அது இதுதான். அங்கே அது நோயைக் காட்டிக்கொடுத்தது. குணப்படுத்தியது பின்னால் வந்த சிகிச்சை.

மங்கு மட்டுமல்ல, பரு போனபின் கன்னத்தில் நிற்கும் ஊசிமுனைக் குழிகளுக்கும் டி.சி.ஏ. உண்டு. இதில் செறிவு நேர்மாறு. கொரிய மருத்துவர்கள் 2002இல் 65 சதவீதமும் 100 சதவீதமுமான டி.சி.ஏ.வை, கூராக்கிய மரக்குச்சியின் முனையில் தொட்டு, ஒவ்வொரு குழியின் அடியிலும் மட்டும் அழுத்திக் காட்டினார்கள். முகம் முழுக்கப் பூசினால் தழும்பாக்கிவிடும் அமிலம், ஒரு புள்ளியில் அடங்கி நிற்கும்போது உள்தோலைத் தூண்டிப் புதுக் கொலாஜனை வளர்க்கிறது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் நீதி குங்கர் குழு இதைக் கறுத்த நிறத் தோலுள்ள 30 பேருக்குச் செய்து பார்த்து 2011இல் எழுதியது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு நல்ல முன்னேற்றம். கொலாஜன் என்றால் ஆம்பூருக்கு அறிமுகம் தேவையில்லை. அந்த ஊரின் வியாபாரமே கொலாஜன் வியாபாரம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் குரோமும் பிடித்துக் கட்டுவது அந்த நாரைத்தான். செத்த தோலில் இருக்கிற கொலாஜனைப் பதப்படுத்தலாம், புதிதாக வளர்க்க முடியாது. குழி நிறைவது உயிருள்ள தோல் மட்டும் செய்யும் காரியம்.

மங்கு வைத்தியத்தில் அமிலத்தைவிடப் பெரிய ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. 1975இல் அமெரிக்கர்களான கிளிக்மன், வில்லிஸ் இருவரும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து ஒரு களிம்பு செய்தார்கள். அதன் வழிவந்த கலவைகளை மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்குப் போட்டால் மங்கு குறையும். நம் ஊரில் அது சிவப்பழகு கிரீமாகி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாதக்கணக்கில் தடவப்பட்டது. 2011இல் வெளியான, பல நகரங்களின் 12 மையங்களில் நடந்த இந்திய ஆய்வில், முகத் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். தோல் மெலிந்து, நரம்புக் கோடு தெரிந்து, பரு வெடித்து, நிறுத்தினால் எரிகிற முகம். தோல் மருத்துவர் சங்கம் பல வருடம் போராடியதில், 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காமல் கொடுக்கும் கடை இன்னும் எல்லா ஊரிலும் உண்டு.

இன்னொன்று, முகத்தில் உள்ள எல்லாக் கறுப்பும் மங்கு அல்ல. தலைமுடிச் சாயம், குங்குமம், வாசனைப் பொருள் இவற்றின் ஒவ்வாமையாலும் முகம் கறுக்கும். அதன் மேல் அமிலம் வைத்தால் அழற்சி கூடும். பீல் வைப்பதற்கு முன் மருத்துவர் கேட்கும் பத்துக் கேள்விகளில் பாதி இதைப் பிரித்தறியத்தான். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட பீல் வழிகாட்டியில் கிளைகாலிக், டி.சி.ஏ., சாலிசிலிக் எல்லாம் இருக்கின்றன. சமையல் வினிகர் இல்லை.

உறவுக்காரர்கள் எவ்வளவு திறமையாக உரித்தாலும், அடியிலுள்ள மெலனோசைட் அப்படியே இருக்கிறது. மேல்தோல் ஒரு மாதம் போலப் புதுப்பித்துக்கொண்டு மேலே வரும். வெயில் படுகிறது. தொழிற்சாலை மறுபடியும் ஓடுகிறது. மங்கு திரும்பி வருவதற்கு இதற்கு மேல் ரகசியம் இல்லை. புற ஊதாக் கதிர் மட்டுமே காரணம் என்று நெடுநாள் நினைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும், முக்கியமாக நீலப் பக்கத்து ஒளி, நம் நிறத் தோலைக் கறுக்க வைக்கும் என்பது பின்னால் தெரிந்தது. வெள்ளையாகப் பூசும் சாதா சன்ஸ்கிரீன் புற ஊதாவைத் தடுக்கும், இந்த ஒளியை விட்டுவிடும். மெக்சிகோவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில் மங்கு உள்ளவர்களுக்கு ஒரே ஹைட்ரோகுவினோன் சிகிச்சையைக் கொடுத்து, ஒரு பிரிவுக்குச் சாதா சன்ஸ்கிரீனும், இன்னொரு பிரிவுக்கு இரும்பு ஆக்சைடு கலந்து பழுப்பு நிறமேற்றிய சன்ஸ்கிரீனும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் இரண்டாவது பிரிவின் மங்கு அதிகமாகக் குறைந்திருந்தது. இரும்பு ஆக்சைடு கிட்டத்தட்ட துரு. கடையில் "டின்டட்" என்று கேட்டால் கொடுப்பார்கள். காலையில் ஒருமுறை பூசிவிட்டு மறந்துவிட்டால் பயனில்லை, வெளியில் இருக்கும் வரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். பீலுக்குப் போகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி, ஒரு மாதம் பழக்கிப் பார்த்து, ஒழுங்காகப் பூசாதவருக்கு அமிலம் வைக்க மறுக்கிற மருத்துவர்களும் உண்டு. மறுக்கப்பட்டவர்கள் கோபித்துக்கொண்டு வேறு கிளினிக் தேடிப் போவார்கள். அங்கேயும் முதல் கேள்வி சன்ஸ்கிரீன்தான் என்றால் அந்த கிளினிக் நல்ல கிளினிக்.